வீட்டுக்கு லுக், பெண்ணுக்கு சீ

கூழையன்குறிச்சிக்காரர்கள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. களவு, சூது, வாது ஒன்றும் கிடையாது. சொன்ன சொல்லைத் தட்டாத ஜனங்கள். என்ன சொல்கிறோமோ அதை அப்படியே, இம்மி பிசகாமல் செய்துவிடுவார்கள். அவர்களோடு பழகுவதில் உள்ள ஒரே கஷ்டம் அதுதான்.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவன் சங்கிலிமுத்து. வயசு முப்பத்தாறு. நல்ல உழைப்பாளி, தங்கமான குணம், தலையில் முடிகூட ஓரளவுக்கு இருந்தது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவனே பொங்கி, அவனே தின்று, அவனே ஏனம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மில்லுக்குப் போவான். ஊர் பூராவுக்கும் மாவு அரைத்துக் கொடுக்கிறவனுக்கு ஒரு தோசை சுட்டுப் போட ஆள் இல்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்துவிடாதா என்று அவன் மனசு கிடந்து தவித்தது.

பெண் அமையாமல் இல்லை. அமைந்த இடத்தையெல்லாம் கூடப் போனவர்கள் கெடுத்துவிட்டு வந்தார்கள்.

கூடப் போகிறவர்கள் மூன்று பேர். முதலில் தாய்மாமன் பலவேசம். யோசனை சொல்வதில் ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. அடுத்து அக்கா புருஷன் திரவியம். எதையும் தொட்டுத் தடவித் தட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. மூன்றாவது, மில்லில் மூட்டை தூக்கும் பிச்சாண்டி. நில் என்றால் நிற்பான், உட்கார் என்று மறுபடி யாராவது சொல்லும் வரைக்கும் நிற்பான்.

முதலில் போன இடத்தில் பெண்ணின் அப்பா பாசத்தோடு, "எல்லாரும் கை நனைச்சுட்டுத்தான் போகணும்" என்றார். நாலு பேரும் எழுந்து போய்த் தொட்டியில் கையை நனைத்தார்கள். துடைத்தார்கள். போய்விட்டார்கள். உள்ளே இருபது இலை போட்டு வைத்திருந்த வீடு. அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது.

இரண்டாவது இடத்தில் "கூச்சப்படாதீங்க, உங்க வீடா நெனச்சுக்கோங்க" என்றார்கள். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தார். அரை மணி கழித்துக் கண் விழித்துப் பார்த்தால், வீட்டுக்காரர் எதிரில் நிற்கிறார். "யார்வே அது, என் வீட்டுக்குள்ள?" என்று மாமா ஒரு அதட்டல் போட்டார். அதுவும் போச்சு.

அடுத்த தடவைக்குத் துணைக்குக் கூப்பிட்டபோது அக்கா சிவகாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "பொண்ணு பாக்க நீங்களே போங்க. எனக்கு மானம் இருக்கு."

தரகரும் சலித்துப் போனார். செங்குளத்தில் ஒரு இடம் சொல்லி, பெண்ணின் போட்டோவை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "இதுதான் கடைசி. இதையும் கெடுத்தீங்கன்னா என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க" என்றார். "முதுகுப் பக்கமா வரலாமா?" என்று பிச்சாண்டி விவரமாகக் கேட்டான். தரகர் சைக்கிளில் ஏறினார்.

பெண் பெயர் உலகம்மாள். செங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அப்பா குற்றாலலிங்கம் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். மனுஷர் பால்காரனுக்குக்கூட இங்கிலீஷில்தான் சீட்டு எழுதி வைப்பாராம். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. முழுக்க இங்கிலீஷ்.

ஊரில் அதைப் படிக்க ஆள் இல்லை. நாலு பேரும் பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போனார்கள். அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற ரெஜினா டீச்சர் கார்டை வாங்கிப் படித்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து பொண்ணைப் பாருங்க, அப்படியே எங்க வீட்டையும் பாருங்கன்னு எழுதியிருக்கார். அவ்வளவுதான். போயிட்டு வாங்க."

போயிருக்கலாம். ஆனால் சங்கிலிமுத்து மில்லுக்காரன். மாவில் ஒரு தவிட்டுத் துணுக்கு கிடந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. கார்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன் விரலை வைத்தான்.

"டீச்சரம்மா, ரெண்டு இடத்துலயும் பாருன்னா, எழுத்து ஏன் ஒண்ணு போல இல்ல? பொண்ணுக்கு மூணு எழுத்து போட்டிருக்கு. வீட்டுக்கு நாலு எழுத்து."

இருபது வருஷமாக இப்படி ஒரு கேள்விக்குத்தான் ரெஜினா டீச்சர் காத்திருந்தார் போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்வி. பொண்ணுக்கு எழுதியிருக்கிறது சீ. வீட்டுக்கு எழுதியிருக்கிறது லுக். தமிழ்ல ரெண்டுக்கும் பார்னு சொல்லிட்டுப் போயிடுறோம். இங்கிலீஷ்ல வேற வேற. லுக்னா நாமளாப் பார்க்கிறது. கண்ணைத் தூக்கிட்டுப் போய் ஒரு பொருள் மேல வைக்கிறோம் பாருங்க, அது. சீன்னா அதுவாக் கண்ணுல படுறது. நீங்க ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். இப்ப, உங்க தலைக்கு மேல ஓட்டுல ஒரு பல்லி இருக்குன்னு சொல்றேன்..."

நாலு பேரும் அண்ணாந்தார்கள்.

"பார்த்தீங்களா, இது லுக். நான் சொல்லாம, நீங்க சும்மா உட்கார்ந்திருக்கும்போது பல்லி தானாக் கண்ணுல பட்டிருந்தா, சீ."

"பல்லியைக் காணோமே டீச்சரம்மா" என்றார் திரவியம்.

"பல்லி இல்லை. உதாரணத்துக்குச் சொன்னேன். குனியுங்க."

மூன்று பேர் குனிந்தார்கள். பிச்சாண்டி மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு. லுக்குக்கு எப்பவும் ஒரு துணை வேணும். அட்னு ஒரு சின்ன வார்த்தை. எந்தப் பொருளை லுக் பண்ணினாலும் அட் கூடவே வரும். சீக்கு அது தேவையில்லை, தனியா நிக்கும். அப்புறம், லுக் பண்ணிக்கிட்டே இருக்கேன்னு சொல்லலாம். சீயை அப்படிச் சொல்றதில்லை. பட்டுச்சா, அந்த நிமிஷமே முடிஞ்சுது."

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. நாலு பேரும் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்கள். டீச்சர் ஜன்னலுக்கு வந்து, "முக்கியமானதை விட்டுட்டேனே! சும்மா ஒருத்தரைச் சந்திக்கிறதுக்கும் சீன்னுதான் சொல்லுவாங்க! அந்தக் கார்டுல அதுதான் அர்த்தம்!" என்று கத்தினார். பஸ் அதற்குள் திருப்பம் தாண்டிவிட்டது.

பஸ்ஸிலேயே மாமா யோசித்து முடித்துவிட்டார்.

"அவரு யாரு? ஸ்டேஷன் மாஸ்டர். முப்பது வருஷம் கொடி பிடிச்ச கை. பச்சையைக் காட்டணும்னா பச்சை, செவப்பைக் காட்டணும்னா செவப்பு. மாத்திக் காட்டினா ரயிலே கவுந்துரும். அப்பேர்ப்பட்ட ஆளு சும்மா ரெண்டு வார்த்தை போடுவாரா?"

"போட மாட்டாரு" என்றார் திரவியம்.

"அப்போ வீட்டைத்தான் நாமளாப் பாக்கணும். பொண்ணை நாமளாப் பாக்கக்கூடாது. அது தானா வந்து கண்ணுல படணும். ஏ மருமவனே, கண்ணைத் தூக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணு மேல வச்சேன்னு வையி, சம்பந்தம் அன்னைக்கே போச்சு."

சங்கிலிமுத்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சட்டைப் பையில் போட்டோ இருந்தது. நல்ல நேரம் பார்த்துப் பிரிக்கலாம் என்று மூன்று நாளாக நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தான். மாமா கையை நீட்டினார். கொடுக்க மனசே வரவில்லை, ஆனாலும் கொடுத்துவிட்டான்.

யார் யாருக்கு என்ன வேலை என்று அன்றைக்கே முடிவாயிற்று. வீட்டை லுக் பண்ணுவது திரவியம். லுக்குக்குத் துணை வேண்டுமே, அதனால் பிச்சாண்டி அட்.

"அட்டுக்கு என்ன வேலை?" என்று பிச்சாண்டி கேட்டான்.

"ஒரு வேலையும் கிடையாது. திரவியம் எதைப் பாத்தாலும் நீ பக்கத்துல ஒட்டி நிக்கணும். அவ்வளவுதான்."

"நானும் பாக்கலாமா?"

"அட் எப்படிவே பாக்கும்?" என்று மாமா கோபித்துக்கொண்டார்.

சீ சங்கிலிமுத்துவின் பொறுப்பு. அதுதான் லேசில் பிடிபடவில்லை. வியாழக்கிழமை பூரா மில்லை மூடிவிட்டுப் பழகினார்கள். மாமா ஒரு பூசணிக்காயை எங்கேயாவது வைப்பார். சங்கிலிமுத்து எதையும் தேடாமல், எதையும் நினைக்காமல் மில்லைச் சுற்றி நடக்க வேண்டும்.

"பூசணிக்கா பட்டுச்சா?"

"பட்டுச்சு மாமா. மூட்டைக்குப் பின்னால."

"நீயாப் போனியா, அதுவா வந்துச்சா?"

சங்கிலிமுத்து பொய் சொல்லத் தெரியாதவன். "பாதி தூரம் நான் போனேன் மாமா. பாதி தூரம் அது வந்துச்சு."

"கூடாது. முழுசா அதுதான் வரணும். திரும்ப நட."

சாயங்காலத்துக்குள் அவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாகிவிட்டது. பெண் வந்து நிற்கும்போது, பாழாய்ப்போன கண்ணு ஆசையில் முந்திக்கொண்டு ஓடிவிட்டால்? இருக்கிற ஒரே சம்பந்தம்.

வெள்ளிக்கிழமை பத்து அடிக்கும்போது நாலு பேரும் செங்குளத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றார்கள். குற்றாலலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரைட் டைம்!" என்றார். அவருக்கு அப்போதே பாதி மனசு நிறைந்துவிட்டது.

சங்கிலிமுத்து குனிந்த தலை நிமிராமல் உள்ளே போய் உட்கார்ந்தான். மனசு வேறு எதிலாவது இருந்தால்தான் பெண் தானாகப் படும் என்று மாமா சொல்லியிருந்தார். தரையில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சிமெண்டு. அவன் கட்டங்களை எண்ண ஆரம்பித்தான்.

"வீட்டைப் பாக்கலாமா?" என்றார் திரவியம்.

"தாராளமாப் பாருங்க" என்றார் குற்றாலலிங்கம்.

திரவியம் எழுந்தார். பிச்சாண்டி ஒட்டிக்கொண்டான். சுவரைத் தட்டினார்கள். கதவைத் திறந்து மூடினார்கள். ஜன்னல் கம்பியை ஆட்டினார்கள். லுக் பண்ணிக்கொண்டே இருக்கலாம் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார், ஆகவே நிறுத்தவில்லை. அடுக்களைக்குள் போய்ப் பரணைப் பார்த்தார்கள். பெண்ணின் அம்மா செண்பகம், கரண்டியும் கையுமாக ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"அவராவது பாக்காரு. நீங்க என்ன செய்யுதீங்க?" என்று பிச்சாண்டியைக் கேட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலைம்மா. நான் அட்."

செண்பகம் இரண்டு எட்டு பின்னால் தள்ளிப் போனாள்.

இந்தப் பக்கம் கூடத்தில் கொலுசுச் சத்தம் கேட்டது. உலகம்மாள் காபித் தட்டோடு வந்தாள். சத்தம் காதில் விழுந்ததும் சங்கிலிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வருகிறாள் என்று தெரிந்துவிட்டதே, இனிமேல் பார்த்தால் லுக் ஆகிவிடுமே! கையை மட்டும் நீட்டித் துழாவினான். டம்ளர் சாய்ந்து பாதிக் காபி மாமாவின் வேட்டியில் கொட்டியது.

"ஐயோ, பரவாயில்லை" என்றாள் அவள். மீதிக் காபியை அவன் கையில் பதனமாக வைத்தாள். "சீனி போதுமா?"

அம்மா போன பிறகு அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இந்தப் பெண்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணை இன்னும் இறுக்கினான்.

மாமா வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார். "தாயி, இது சரிப்படாது. வாறது எங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சு போச்சு. கொலுசைக் கழட்டிட்டு, எப்ப வருவேன்னு சொல்லாம ஒரு தடவை வா."

குற்றாலலிங்கம் திடுக்கிட்டு, அடுக்களை வாசலுக்கு வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். சரி, மாப்பிள்ளை வீட்டு வழக்கம் ஏதோ என்று நினைத்துக்கொண்டார். உலகம்மாள் உள்ளே போய்க் கொலுசைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வந்தாள். ஆனால் தலையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தது. வாசனை அடித்ததும் சங்கிலிமுத்து மறுபடி கண்ணை மூடிவிட்டான்.

"பூவையும் எடுத்துரு தாயி" என்றார் மாமா. "அதுவும் காட்டிக் குடுக்கு."

குற்றாலலிங்கம் எழுந்துவிட்டார். முப்பது வருஷம் தண்டவாளத்தில் கத்திப் பழகிய குரல்.

"என்னய்யா விளையாடுறீங்களா? பொண்ணு பார்க்க வந்தவன் குனிஞ்ச தலை நிமிரலை. எதிர்ல வந்தா கண்ணை மூடிக்கிறான். என் பொண்ணு என்ன கண்ணு கொண்டு பார்க்க முடியாத மாதிரியா இருக்கா? பிடிக்கலைன்னா எழுந்து போங்க!"

அந்த நேரம் பார்த்து மொட்டை மாடியிலிருந்து திரவியத்தின் குரல் கேட்டது. "மாமா! தண்ணித் தொட்டியில ஒரு விரிசல் இருக்கு! மத்தபடி வீடு ஒண்ணாம் நம்பர்!"

"பார்த்தியா!" என்று மனைவியிடம் திரும்பினார் குற்றாலலிங்கம். "பொண்ணுக்காக வரலை, வீட்டுக்காக வந்திருக்கு இந்தக் கூட்டம். வெளியே போங்கய்யா!"

சங்கிலிமுத்து எழுந்து நின்றான். கண் மூடித்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் உலகம்மாள். அவன் முன்னால் வந்து நின்றாள். "ஏங்க, என்னைப் பார்க்க ஏன் மாட்டேங்கிறீங்க?"

"பாக்கணும்னு உசிரே கிடந்து துடிக்குதுங்க" என்றான் சங்கிலிமுத்து. "உங்க அப்பாதான் பாக்கக்கூடாதுன்னு எழுதிட்டாரு. வீட்டுக்குத்தான் லுக்கு போட்டிருக்காரு. உங்களுக்கு சீ. நானாப் பாத்தேன்னா தப்பு. நீங்களா என் கண்ணுல படணும். நேத்துப் பூரா பூசணிக்காயை வச்சுப் பழகினேன், வர மாட்டேங்குது."

மாமா மடியிலிருந்து கார்டை எடுத்துச் சாட்சிக்கு நீட்டினார். உலகம்மாள் வாங்கிப் படித்தாள். ஒரு தரம் படித்தாள். அப்பாவைப் பார்த்தாள். இன்னொரு தரம் படித்தாள். தாவணிக் காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவள் அம்மாகூடப் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தவள், "சீன்னா..." என்று ஆரம்பித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிறுத்திக்கொண்டாள்.

"அப்பா, இதுவரைக்கும் பதினொரு கூட்டம் வந்துட்டுப் போயிருக்கு. நடந்து காட்டச் சொன்னாங்க. முடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னாங்க. ஒரு பெரியவர் நிறம் பார்க்கணும்னு என்னை வெயில்ல நிறுத்தினாரு, ஞாபகம் இருக்கா? சந்தையில மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. இவர் ஒருத்தர்தான் அனுமதி இல்லாம பார்க்க மாட்டேன்னு அழுதுகிட்டு நிக்கிறாரு. இவரை நான் பார்க்கிறேன். உட்காருங்க நீங்க."

சங்கிலிமுத்து உட்கார்ந்தான். அவள் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "தாயி, நீயாப் பாக்கப் போறியா?"

"ஆமா மாமா."

"அப்போ அது லுக்கு. அட் இல்லாமப் பாக்கக்கூடாது."

"வாஸ்தவம்தான்" என்றாள் இங்கிலீஷ் டீச்சர். "அட்டைக் கூப்பிடுங்க."

மாடியிலிருந்து பிச்சாண்டி இறங்கி வந்தான். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். உலகம்மாள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு சங்கிலிமுத்துவைச் சாவகாசமாகப் பார்த்தாள். காதோரம் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்புக் காய்த்த கையைப் பார்த்தாள். மூடிய இமை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். அவனுக்குக் காது மடல் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பெண் பார்ப்பது என்றால் எதிரில் இருக்கிறவளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

"எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள் உலகம்மாள்.

"ஏம்மா, நல்லா யோசிச்சியா?" என்றார் குற்றாலலிங்கம் பலவீனமாக. "கூட ரெண்டு பேர் மாடிக்கும் கீழுக்குமா அலையுறாங்களே?"

"அவங்க வீட்டைத்தானே பார்க்கிறாங்க. பார்த்துட்டுப் போகட்டும்."

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு நாலு பேரும் புறப்பட்டார்கள். வாசலில் சங்கிலிமுத்துவின் செருப்பு ஒன்றைக் காணவில்லை. நாய் இழுத்துப் போட்டிருந்தது. அதைத் தேடிச் சுவரோரமாகக் குனிந்தவன், எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்குள் உலகம்மாள். வந்தவர்கள் தொடாமல் வைத்துவிட்டுப் போன பஜ்ஜியில் ஒன்றைப் பாதி கடித்தபடி, கன்னம் உப்ப, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா!" என்று அலறினான் சங்கிலிமுத்து. "பட்டுட்டா! பட்டுட்டா மாமா!"

"நீயாப் போனியா?" மாமா ஓடிவந்தார்.

"சத்தியமா இல்ல. நான் செருப்பைத் தேடினேன். முழுசா அவளாத்தான் வந்தா!"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அதான் பட்டாச்சே. இப்ப ஏம்லே மூடுத?"

"தொறந்தா வேற எதாவது பட்டு இது அழிஞ்சிரும் மாமா. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இது மட்டும் கண்ணுக்குள்ள இருக்கட்டும்."

மாமாவுக்கே கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வரும்போது கூட வருகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அது என்ன மரியாதை என்றார். அவரும் மூடினார். திரவியம் மூடினார். பிச்சாண்டி ஏற்கெனவே மூடியிருந்தான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மாமா கைத்தடியால் வழியைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, வீட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வந்து நின்றது செங்குளத்துக்குள்ளேயே சுற்றி வருகிற மினி பஸ். கண்டக்டர் இளகிய மனசுக்காரர். பாவம், நாலு பேருக்குமே கண் தெரியவில்லை என்று கையைப் பிடித்து ஏற்றி, சீட்டிலிருந்தவர்களை எழுப்பிவிட்டு உட்காரவைத்தார். டிக்கெட்டும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிற்று. திரும்பியது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாலு பேரும் இறங்குகிற வழியாகக் காணோம். கண்டக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஏறின இடத்திலேயே பத்திரமாக இறக்கிவிட்டார்.

"ஊரு வந்துட்டு" என்றார் மாமா, மூச்சை இழுத்து மோந்து. "நம்ம ஊரு காத்து."

"எதுக்கும் கேட்டுட்டுக் கண்ணைத் தொறப்போம்" என்றார் திரவியம்.

தடவிக்கொண்டே போய்க் கைக்கு அகப்பட்ட முதல் கதவைத் தட்டினார்கள். திரவியம் வழக்கம் போலக் கதவை இரண்டு தட்டுக் கூடுதலாகவே தட்டி, "நல்ல தேக்கு" என்றார்.

கதவைத் திறந்தவள் உலகம்மாள். நாலு பேரையும் பார்த்தாள். நாலு பேர் கண்ணும் மூடியிருந்தது.

"அம்மா, இது கூழையன்குறிச்சிதானா?" என்றார் மாமா.

"யார் வேணும் உங்களுக்கு?"

மாமா திடுக்கிட்டார். பின்னால் திரும்பி, "அந்தப் பொண்ணு குரல் மாதிரில்லா இருக்கு?" என்று கிசுகிசுத்தார்.

"எப்படி மாமா இருக்க முடியும்?" என்றார் திரவியம். "ஒன்றரை மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம். அது அங்க இருக்கு. இது இங்க இருக்கு. ஒரே குரல் ரெண்டு பேருக்கு இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம்" என்றான் பிச்சாண்டி.

"நம்ம ஊர்ல உன் குரலைக் கேட்டதில்லையே தாயி. நீ யாரு?" என்றார் மாமா.

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "நான் ஊருக்குப் புதுசு. உங்க ஊருக்கு வாழ வரப்போறவ."

"அப்படியா! யார் வீட்டுக்கு?"

"மாவு மில்லுக்காரர் வீட்டுக்கு."

சங்கிலிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் தோளை விட்டுவிட்டு முன்னால் வந்து, குரல் வந்த திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். திறந்துவிடுமோ என்று கண்ணை இன்னும் பலமாக மூடிக்கொண்டான்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க. எனக்குச் செங்குளத்துல பொண்ணு அமைஞ்சு போச்சு. கன்னத்துல பஜ்ஜியை அடக்கிக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, இனிமே என் கண்ணுல வேற யாரும் படக்கூடாது. ஊர்ல நல்ல பையங்க நிறைய பேர் இருக்காங்க. நான் வேணா உங்களுக்கு ஒரு நல்ல இடமாச் சொல்லுதேன். என்னை மட்டும் விட்டுருங்க."

உலகம்மாள் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, கல்யாண மண்டபத்துக்கு இன்னைக்கே சொல்லிடுங்க. மாப்பிள்ளை என்னை வேண்டாம்னுட்டாரு."